பெயர் எழுதாத படங்கள்

தேக்கடி ஏரியில் படகேறுகிறவர்கள் தவறாமல் எடுக்கும் படம் ஒன்று உண்டு. நீருக்கு நடுவே பட்டுப்போன மரம். அதன் உச்சியில் இறக்கையை விரித்துக் காயவைக்கும் நீர்க்காகம். பின்னால் மஞ்சு இறங்கிய மலை. நாட்காட்டி, விடுதி வரவேற்பறை, கைப்பேசி முகப்பு என்று எங்கும் இதே காட்சிதான். நல்ல படம். யார் எடுத்தாலும் நன்றாக வந்துவிடும் என்பதுதான் அதில் உள்ள சிக்கல். அந்த மரம் ஏன் தண்ணீருக்குள் நிற்கிறது என்று யாரும் யோசிப்பதில்லை. முல்லைப் பெரியாறு அணை 1895இல் எழும்பி நீர் தேங்கியபோது ஆற்றோரக் காடு நின்ற நிலையிலேயே மூழ்கியது. அன்று மூழ்கிய மரங்களின் மிச்சம் இன்று பறவைக்கு இருக்கை, நமக்குக் காட்சி.

மேற்கே அரபிக்கடலுக்குப் போக இருந்த ஆற்றை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய வேலை அது. சுரங்கம் வழியே இறங்கும் நீர் வைரவனாற்றிலும் சுருளியாற்றிலும் கலந்து, கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல்லை விளைவித்து, வைகையோடு சேர்ந்து மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் வரை செல்கிறது. திருவிதாங்கூரும் ஆங்கில அரசும் 999 ஆண்டுக் குத்தகையில் கையெழுத்திட்ட நாள் 1886 அக்டோபர் 29. அணை திறந்த நாள் 1895 அக்டோபர் 10. இந்த இரண்டு தேதிகளும் பள்ளத்தாக்கில் பலருக்கு மனப்பாடம். இரண்டுக்கும் இடையே சுண்ணாம்பையும் செங்கல் தூளான சுர்க்கியையும் குழைத்து, மலேரியாவோடும் காலராவோடும் பெருமழையோடும் மல்லுக்கட்டியவர்களைப் பற்றி யாருக்கும் அவ்வளவு தெரியாது. கட்டுமானக் காலத்தில் நோயால் மட்டும் 483 பேர் இறந்ததாக ஒரு கணக்கு உண்டு. அணைக்கு வடக்கே அவர்களைப் புதைத்தார்கள். நமக்கு மிஞ்சியது ஓர் எண்ணிக்கை.

ஒருவருடைய படம் மட்டும் மிஞ்சியது. கூடலூர், கம்பம், சின்னமனூர்ப் பக்கம் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும், முருகனுக்கும் மாரியம்மனுக்கும் பக்கத்தில் மீசை வைத்த வெள்ளைக்காரர் ஒருவரைக் காண வாய்ப்புண்டு. அவர் கர்னல் ஜான் பென்னிகுயிக். 1841 ஜனவரி 15இல் புனேயில் பிறந்தவர். அந்த நாள் பொங்கலை ஒட்டி வருவதால், பாலார்பட்டி போன்ற ஊர்களில் அவர் படத்துக்கு முன்னால் பானை பொங்குகிறது. பிள்ளைகளுக்கு அவர் பெயர் வைக்கிறார்கள். லோயர் கேம்ப்பில் 2013இல் மணிமண்டபம் திறந்தார்கள். 2022இல் தமிழ்நாடு அரசு இங்கிலாந்தின் கேம்பர்லியில் அவருக்குச் சிலையே வைத்தது.

அரசு பணம் தர மறுத்தபோது மனைவியின் நகையையும் சொந்த வீட்டையும் விற்று அணையைக் கட்டினார் என்ற கதையை இங்கே எல்லோரும் சொல்வார்கள். ஆவணங்கள் அதை உறுதிசெய்யவில்லை. அணை அரசுப் பணத்தில் கட்டப்பட்டது. ஆனாலும் அந்தக் கதையைக் கேலிசெய்ய எனக்கு மனம் வராது. வயிறு நிறைந்த ஒரு சமூகம் தன் நன்றிக்கு உருவம் தேடியது. கிடைத்தது ஒரு புகைப்படம். அந்தப் படத்துக்குத் தகுந்த தியாகத்தையும் தானே எழுதிச் சேர்த்துக்கொண்டது. தெய்வங்களுக்குப் புராணம் பிறப்பதும் இப்படித்தானே. கேள்வி வேறு இடத்தில் இருக்கிறது. சுர்க்கி சுமந்தவனுக்கும் ஒரு படம் இருந்திருந்தால், அந்தச் சுவரில் இன்னோர் ஆணி அடித்திருப்பார்களா? அடித்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன். நன்றி செலுத்துவதில் கஞ்சத்தனம் செய்கிற ஊரல்ல இது. ஆனால் 1890களில் கேமராவின் முன் நிற்கும் தகுதி பொறியாளருக்கு இருந்தது, கூலிக்கு இல்லை. யாரை நினைவில் வைப்பது என்பதை அன்றைக்கே முடிவுசெய்துவிட்டார்கள், அதுவும் ஊராரைக் கேட்காமல்.

இதே தேனி மாவட்டத்தில் இதற்கு நேர் எதிரான ஒரு பழக்கம் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்திருக்கிறது. ஆண்டிபட்டி வட்டத்தில் வைகைக் கரையில் உள்ள புலிமான்கோம்பையில், 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத் தொல்லியல் துறையினர் தமிழி எழுத்துப் பொறித்த மூன்று நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். இந்தியாவில் கிடைத்த எழுத்துடைய நடுகற்களில் இவை மிகப் பழையவற்றுள் அடங்கும் என்பது ஆய்வாளர்களின் கருத்து. கூடலூரில் நடந்த ஆகோள் பூசலில், அதாவது மாடு கவரும் சண்டையில், உயிர்விட்ட அந்தவன் என்பவனுக்கு எடுத்த கல் என்கிறது அவற்றுள் ஒன்று. அந்தக் கூடலூர் கம்பத்தை ஒட்டிய இன்றைய கூடலூராக இருக்கலாம் என்று கருதுவோரும் உண்டு. பிற்கால நடுகற்களில் வில்லும் வாளும் ஏந்திய வீரன் புடைப்பாக நிற்பான். இந்தக் கற்களில் உருவமே இல்லை. ஊர், சம்பவம், பெயர், அவ்வளவுதான். அந்தவன் மன்னனும் அல்லன், படைத்தலைவனும் அல்லன், மாட்டுக்காகச் செத்தவன். அவனுடைய முகம் எப்படி இருந்தது என்று அறிய வழியில்லை. ஆனால் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட இன்றும் முடிகிறது.

அன்றைய கல்லில் முகம் இல்லாமல் பெயர் இருந்தது. இன்றைய படங்களில் முகம் இருக்கிறது, பெயரைத்தான் காணோம். மேகமலையிலும் கொழுக்குமலையிலும் தேயிலை கிள்ளும் பெண்கள் எத்தனை ஆயிரம் படங்களில் சிரித்திருப்பார்கள்! ஒரு படத்தின் அடியிலாவது அந்தப் பெண்ணின் பெயரைப் பார்த்திருக்கிறோமா? ‘தேயிலை பறிக்கும் பெண்’ என்று எழுதியிருக்கும், அல்லது அந்த மலையின் பெயர் இருக்கும். பன்னீர் திராட்சைப் பந்தலுக்குக் கீழே மருந்து தெளிக்கிறவரும் அப்படித்தான். கம்பம் பன்னீர் திராட்சைக்கே 2023இல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. தெளிக்கிறவர் ‘விவசாயி’யாகவே இருக்கிறார். பெயர் போனதும் ஆள் இயற்கைக் காட்சியின் ஒரு பகுதியாகிவிடுகிறார்; பாறை, ஓடை, தேயிலை, பெண்.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய சிக்கலல்ல. பிரேசிலின் செபஸ்தியோ சல்காடோ உழைப்பாளிகளைப் படமெடுத்தே உலகப் புகழ் பெற்றவர். 1986இல் செர்ரா பெலாடா தங்கச் சுரங்கத்தில் அவர் எடுத்த படங்களில், சேற்றுச் சரிவில் மூட்டை சுமந்து ஏறும் ஆயிரக்கணக்கானோர் எறும்புச் சாரிபோலத் தெரிவார்கள். பார்ப்பவருக்கு மூச்சடைக்கும். அமெரிக்க எழுத்தாளர் சூசன் சான்டாக், 2003இல் வெளியான தம் நூலில், சல்காடோவின் இடம்பெயர்ந்தோர் படங்களை வைத்து ஒரு குற்றச்சாட்டை முன்வைத்தார். படக்குறிப்புகளில் எளியவர்களின் பெயர் இல்லை. புகழ் பெற்றவர்களுக்கு மட்டும் பெயர் போடும் உலகத்தில், மற்றவர்களைப் பெயரின்றிக் காட்டுவது அவர்களைத் தொழிலுக்கும் துயரத்துக்கும் வெறும் மாதிரிகளாக்கிவிடுகிறது என்பது அவர் வாதம். சல்காடோவைக் கருணையற்றவர் என்று யாரும் சொல்ல முடியாது. துயரங்களைப் படமெடுத்து மனம் நைந்துபோனவர், மனைவி லெலியாவோடு சொந்த ஊருக்குத் திரும்பி, 1998இல் நிறுவனம் ஒன்றைத் தொடங்கி, பாழ்பட்ட நிலத்தில் காட்டை மீண்டும் வளர்த்தார். ஆனாலும் சான்டாக்கின் கேள்வி கேள்வியாகவே நிற்கிறது. கருணையுள்ள மனிதர் எடுத்த படமும் கருணையில்லாத வேலையைச் செய்யக்கூடும்.

பெயருக்கு இருக்கும் பலத்தை இந்தப் பள்ளத்தாக்கு 2023இல் ஒரு யானையின் வடிவில் கண்ணால் பார்த்தது. இடுக்கி மாவட்டம் சின்னக்கானல் பகுதியில் அரிசிக்காக ரேஷன் கடைகளை உடைத்ததால் அரிக்கொம்பன் என்று பெயர் வாங்கிய காட்டு யானை அது. அங்கே யானைகளின் வழித்தடத்தில், நிலமற்ற பழங்குடிக் குடும்பங்களுக்குக் கேரள அரசு நிலம் கொடுத்துக் குடியமர்த்திய இடத்துக்கு 301 காலனி என்று பெயர். 301 குடும்பங்கள் என்பதால் அப்படி. அந்தக் குடும்பங்களில் பெரும்பாலானவை யானைக்குப் பயந்து வெளியேறிவிட்டன. யானைக்குப் பெயர் கிடைத்தது, மனிதர்களுக்கு எண் கிடைத்தது. இதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை என்பதுதான் கூடுதல் வேதனை.

யானையைப் பிடித்துக் கும்கியாக்கும் திட்டத்தை எதிர்த்து விலங்கு ஆர்வலர்கள் கேரள உயர்நீதிமன்றம் சென்றார்கள். முடிவில், 2023 ஏப்ரல் 29 அன்று மயக்க ஊசி போட்டு, கழுத்தில் ரேடியோ காலர் பூட்டி, பெரியாறு புலிகள் காப்பகத்தில் கொண்டுபோய் விட்டார்கள். லாரியில் கட்டுண்டு நின்ற அந்த யானையின் படம் கேரளம் முழுவதையும் அழவைத்தது. தாயையும் துணையையும் பிரிந்து போகிறான் என்று கதைகள் பரவின. ரசிகர் மன்றங்கள் தோன்றின. மே மாதத்தில் யானை மேகமலைப் பக்கம் சுற்றிவிட்டு, மே 27 காலை கம்பம் நகருக்குள்ளேயே வந்துவிட்டது.

அன்று எடுக்கப்பட்ட காணொளிகளை வரிசையாகப் பார்த்தால், ஒரே யானையை மூன்று விதமான கண்கள் பார்ப்பது தெரியும். முதலாவது மாடிக்கண். மொட்டைமாடியிலிருந்தும் ஜன்னல் கம்பி வழியாகவும் நடுங்கும் கையோடு எடுத்தவை. பின்னணியில் ‘உள்ள வா, உள்ள வா’ என்று யாரோ கத்துகிறார்கள். படம் ஆடுகிறது, பாதியில் நின்றுபோகிறது. எடுத்தவர் எங்கே நின்றார், எவ்வளவு பயந்தார் என்பதெல்லாம் அந்த ஆட்டத்திலேயே பதிவாகியிருக்கிறது. இரண்டாவது ஆகாயக்கண். தோப்புக்குள் ஒதுங்கிய யானைக்கு மேலே யூடியூபர் ஒருவர் ட்ரோன் பறக்கவிட, அந்தச் சத்தத்தில் யானை மிரண்டு ஓடியது. அவர் மீது போலீஸ் நடவடிக்கை வந்தது. ஆடாத, துல்லியமான படத்துக்காக ஒரு யானையையும் ஒரு ஊரையும் பணயம் வைத்த கண் அது. மூன்றாவது அரசின் கண். 144 தடையுத்தரவு, கும்கிகள், ஒரு வாரத்துக்கும் மேலான காத்திருப்பு, ஜூன் 5 விடியலில் சின்னஓவுலாபுரம் அருகே மறுபடியும் மயக்க ஊசி, லாரிப் பயணம். பிறகு களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் மேல்கோதையாறு பகுதியில், புல்லைப் பிடுங்கி ஓடைத் தண்ணீரில் அலசித் தின்னும் அரிக்கொம்பனைக் காட்டும் காணொளியைத் தமிழ்நாட்டு வனத்துறைச் செயலர் சுப்ரியா சாஹு பகிர்ந்தார். அதைப் பார்த்துக் கண் கலங்காதவர் குறைவு. எனக்கும் அது பிடித்த காணொளிதான்.

அந்தப் பத்து நாளில் கம்பத்தில் யானை தாக்கிக் காயமடைந்த ஒருவர் மருத்துவமனையில் இறந்தார். செய்தித்தாள்கள் அவர் பெயரைப் போட்டன. ஆனால் பெயர் மட்டும் போதவில்லை. படம், கதை, பின்தொடர்ச்சி எல்லாம் யானைக்குத்தான் இருந்தன. யானை இன்று எந்த மலையில் மேய்கிறது என்று ரேடியோ காலர் வழியே அறிக்கை வந்துகொண்டே இருந்தது. இறந்தவரின் வீடு என்ன ஆனது என்று எந்த அறிக்கையும் வரவில்லை. இந்தக் கட்டுரையிலும் அவர் ‘ஒருவர்’தான். அந்தக் குடும்பத்தின் துக்கத்தை அனுமதி கேட்காமல் மறுபடி அச்சில் ஏற்றுவது முறையில்லை. பெயர் எழுதுவது எப்போதும் கருணையாகிவிடாது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

யானையை நேசித்தவர்களைக் குறைசொல்லும் நோக்கம் எனக்கில்லை. வழித்தடத்தை அடைத்தது யானையல்ல. ஆனால் அந்த நேசம் தூரத்தால் பெருகியது. கொச்சியில் இருந்தவருக்கு அது பிள்ளை. கம்பம் தெருவில் இருந்தவருக்கு அது மரணம். இரண்டு பேரும் பார்த்தது ஒரே காணொளியை. படம் தூரத்தைக் குறைக்கிறது என்று நம்புகிறோம். உண்மையில் அது தூரத்தை மறைத்துவிடுகிறது.

மலையைத் தூரத்திலிருந்து பார்ப்பதன் விலையை 2018 மார்ச் 11 வேறு விதமாகக் காட்டியது. போடிநாயக்கனூருக்கு மேலே குரங்கணி மலையில் நடைப்பயணம் வந்த இளைஞர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கொழுக்குமலை சூரிய உதயப் படங்களைப் பார்த்து அந்த மலையை விரும்பியவர்களாகவே அவர்களும் இருந்திருக்கக்கூடும். விமானப்படை ஹெலிகாப்டர்கள் வருவதற்கு முன் ஓடியவர்கள், அந்தச் சரிவுகளைக் கால்களால் அறிந்த உள்ளூர்க்காரர்கள். போர்வையில் கட்டித் தூக்கி இருட்டில் இறக்கினார்கள். அந்த ஓட்டம் யார் நினைவிலும் படமாக நிற்கவில்லை.

அதே ஆண்டு ஆகஸ்ட் 24 அன்று லெனின் பாரதி இயக்கிய ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ வெளியானது. பள்ளத்தாக்கைப் பற்றி இதுவரை எடுக்கப்பட்ட படங்களில், நானறிய, மலையையும் மனிதனையும் பிரிக்காமல் காட்டியது அது ஒன்றுதான். விஜய் சேதுபதி தயாரிப்பு. பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜாவின் இசை. ஒளிப்பதிவு, பெயரிலேயே ஊரைச் சுமக்கும் தேனி ஈஸ்வர். ஏலக்காய் மூட்டையைத் தலையில் சுமந்து மலைக்கும் அடிவாரத்துக்கும் நடக்கும் ரங்கசாமிக்குச் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வாங்க ஆசை. கதை அவ்வளவுதான். நடித்தவர்களில் பெரும்பாலோர் முன்பின் திரையில் காணாத முகங்கள்.

படத்தின் முதல் பகுதியில் கிட்டத்தட்ட ஒன்றும் நடக்காது. ஆள் நடக்கிறான். வழியில் ஒருவரைப் பார்க்கிறான், பேசுகிறான், மறுபடி நடக்கிறான். ஈஸ்வரின் கேமரா பெரும்பாலும் எட்டவே நிற்கும். மலை சட்டகம் முழுக்க விரிந்திருக்கும். ஒற்றையடிப் பாதையில் மூட்டையோடு ஆள் ஊர்வான். அழகு கண்ணைப் பறிக்கும். ஆனால் அந்த அழகை மட்டும் தனியே எடுத்துச் செல்ல விடுவதில்லை. நாம் மலையை ரசித்துக்கொண்டிருக்கும்போது அவன் இன்னும் ஏறிக்கொண்டேயிருப்பான்; ஷாட் நீள நீள, ரசனை கூச்சமாக மாறும். சல்காடோவின் சுரங்கத்தில் கிடைக்காத ஒன்று இங்கே காலத்தால் கிடைக்கிறது. புகைப்படத்தில் மூட்டை அசையாது, அதன் கனமும் தெரியாது. திரையில் அது ஒவ்வோர் அடிக்கும் கனக்கிறது.

நிலத்துக்கான பணத்தை நம்பி அவன் சுமந்துவரும் மூட்டை கைதவறி உருண்டு, பள்ளத்தில் விழுந்து, ஏலக்காய் சிதறும் காட்சியில் திரையரங்கில் எழுந்த சத்தம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ‘ஐயோ’ என்பதற்கும் பெருமூச்சுக்கும் நடுவே ஒரு சத்தம். ஏலக்காயின் விலை இங்கே எல்லோருக்கும் தெரியும். போடியின் ஏல மையத்தில் அது எப்படி ஏறி இறங்குகிறது என்று தெரிந்தவர்கள், தினமும் விடிவதற்குள் ஜீப்பில் நெருக்கியடித்துக் கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாகத் தோட்ட வேலைக்குப் போய் வருகிறவர்கள், அவர்களுடைய பிள்ளைகள். அவர்களுக்கு அது உவமை அல்ல, நஷ்டம்.

ஈஸ்வர் ஒளிப்பதிவு செய்த மற்ற படங்களிலும் இந்தப் பொறுமை தொடர்கிறது. ராம் இயக்கிய ‘பேரன்பு’, மூளை முடக்குவாதம் உள்ள மகளோடு மலையேறி ஒதுங்கும் தந்தையின் கதை. அதன் ஒவ்வோர் அத்தியாயமும் இயற்கையைப் பற்றி ஒன்றைச் சொல்லியே தொடங்கும், அதுவும் அழகானது என்று மட்டும் சொல்லாது. மாரி செல்வராஜின் ‘கர்ண’னில் முன்னங்கால்கள் கட்டப்பட்ட கழுதையின் மீது கேமரா காட்டும் அக்கறை, மனிதர்கள் மீது காட்டும் அக்கறைக்குக் குறைந்ததல்ல. இவை தேனிக்கு வெளியே நடக்கும் கதைகள். இங்கே சொல்லக் காரணம், விலங்குக்கும் மனிதனுக்கும் ஒரே அளவு கவனம் தரமுடியும் என்பதற்கு அவை சாட்சி. அரிக்கொம்பன் நாட்களில் நமக்கு இல்லாமல் போனது அதுதான்.

பெயர் தரும் வேலையைத் திரை மட்டும் செய்யவில்லை. வைகை அணையின் நீர்த்தேக்கத்துக்காக ஊர் இழந்தவர்களுக்கு இலக்கியத்தில் ஒரு பெயர் கிடைத்தது. 1959இல் திறந்த அந்த அணையால் இடம்பெயர்ந்தவர்களில் வைரமுத்துவின் குடும்பமும் ஒன்று. 2003இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற அவருடைய ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’ நாவலுக்குப் பிறகு, முழுகிய கிராமங்கள் என்றால் வாசகனுக்கு அதன் நாயகன் பேயத்தேவர் நினைவுக்கு வருகிறார். பெரியாறு அணையின் 483 பேரில் ஒருவர் பெயரும் அப்படி நம் நினைவுக்கு வருவதில்லை.

‘மேற்குத் தொடர்ச்சி மலை’யின் கடைசிக் காட்சி பற்றி விவாதம் உண்டு. விதைக்கும் உரத்துக்கும் பட்ட கடனில் நிலத்தை இழந்த ரங்கசாமி, தன்னுடையதாக இருந்த அதே மண்ணில் நட்ட காற்றாலைக்குக் காவலாளியாக உட்கார்ந்திருக்கிறான். கேமரா அவனை விட்டு மேலே மேலே போகிறது, காற்றாலைகள் பெருகுகின்றன, அவன் புள்ளியாகிறான். அதுவரை தரையில் கூடவே நடந்த கேமரா அந்த நிமிடத்தில் ட்ரோன்காரனின் கண்ணாகிவிட்டதே என்று நண்பர் ஒருவர் வருத்தப்பட்டார். முதலில் எனக்கும் அப்படித்தான் பட்டது. திரும்பப் பார்த்தபோது கருத்து மாறியது. அந்த உயரத்திலிருந்து முகம் தெரியாது, மீசை தெரியாது, சீருடை கூடத் தெரியாது. ஆனால் இரண்டு மணி நேரம் அவனோடு மலை ஏறி இறங்கியவர்களுக்கு அந்தப் புள்ளி யாரென்று தெரியும். அவன் பெயர், அவன் மனைவி ஈஸ்வரியின் பெயர், எந்த மூட்டை எந்தப் பள்ளத்தில் விழுந்தது என்பது வரை தெரியும். தேனி வட்டாரத்தில் கண்டமனூர், ஆண்டிபட்டிப் பக்கம் பேருந்தில் போகிறவர்கள் ஜன்னலோரமாகக் காற்றாலைகளைப் படமெடுப்பதைப் பார்க்கலாம். மாலை வெளிச்சத்தில் அவையும் நல்ல படமாகவே வருகின்றன.